இறந்த கணவர் கணக்கில் வந்த கிசான் பணம், கைமாறிய பட்டா: ஒரு வாசகிக்கு வழக்கறிஞரின் பதில்

விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 46 வயதுப் பெண் ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், சர்வே எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருடைய மாமனார் 1987-ல் சொந்த உழைப்பில் 3 ஏக்கர் நன்செய் வாங்கினார். 2012-ல் உயில் எழுதாமலே இறந்துவிட்டார். மாமியார் இருக்கிறார், பிள்ளைகள் மூன்று பேர்: இவருடைய கணவர்தான் மூத்தவர், அடுத்து கொழுந்தனார், அப்புறம் 1994-ல் கட்டிக் கொடுத்த நாத்தனார். மாமனார் போன பிறகு அண்ணன் தம்பி இருவர் பெயரில் மட்டும் கூட்டுப் பட்டா போட்டார்கள். வாய்வார்த்தையாக ஆளுக்கு ஒன்றரை ஏக்கர் என்று பிரித்துக்கொண்டு பயிர் செய்தார்கள். இருவருக்கும் தனித்தனியாகப் பிஎம் கிசான் பணம் (விவசாயிகளுக்கு மத்திய அரசு தவணையாகத் தரும் உதவித்தொகை) வந்துகொண்டிருந்தது.

2021 ஜூனில் கணவர் கொரோனாவில் இறந்தார். அதன் பிறகும் அவர் கணக்கில் மூன்று தவணை, 6,000 ரூபாய் விழுந்திருக்கிறது. வீட்டுச் செலவுக்கு ஏடிஎம் கார்டை வைத்து எடுத்துவிட்டார். 2022 கடைசியில் பணம் நின்றது. இப்போது வேளாண்மை அலுவலகத்திலிருந்து அந்த 6,000-ஐத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. பக்கத்து ஊர் நெட் சென்டர்காரர், "1,500 கொடுங்க, அண்ணன் பேர்லயே கேஒய்சி (ஆதார் சரிபார்ப்பு) முடிச்சு மறுபடி பணம் வர வைக்கிறேன்" என்கிறார். கொழுந்தனார் 2023-ல் முழு 3 ஏக்கரையும் தன் பெயருக்குத் தனிப் பட்டாவாக மாற்றிவிட்டார். கருமாதி முடிந்த வாரத்தில், ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த 60,000 ரூபாய்க்காக என்று சொல்லி 20 ரூபாய் முத்திரைத்தாளில் இவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். இவர் அதைப் படிக்கவில்லை. ஃபெஞ்சல் புயலில் மூழ்கியது இவர் நட்ட நெல், நிவாரணம் போனது கொழுந்தனார் கணக்குக்கு. "பட்டா என் பேர்ல, கிசான் பணமும் எனக்கு வருது, அப்ப நிலம் யாரோடது?" என்று கேட்கும் அவர், வரும் சித்திரையிலிருந்து வயலில் இறங்கக் கூடாது என்கிறார். மகனுக்கு 24 வயது, ஒரகடத்தில் கம்பெனி வேலை. மகளுக்கு 19, கல்லூரியில் படிக்கிறாள். மாமியார் இவரோடுதான் இருக்கிறார்.

"என்னை ஜெயிலில் போடுவார்களா? கிசான் பணத்தை என் பெயருக்கு மாற்ற முடியுமா?" கடிதத்தின் கடைசியில் இந்த இரண்டு கேள்விகள்தான் இருக்கின்றன.

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்று வாரமாகத் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த 6,000 ரூபாய்க்காக உங்களை யாரும் சிறைக்கு அனுப்பப் போவதில்லை. திருப்பிக் கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொண்டால் அந்த விஷயம் அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டாவது கேள்விக்கும் பதில் உண்டு. ஆனால் நீங்கள் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது, அந்த 20 ரூபாய்த் தாளும் 2023-ல் மாறிய பட்டாவும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பதற்றம் தந்தது அதுதான். கிசான் பணம் வருடத்துக்கு 6,000, நிலம் போனால் எல்லாமே போய்விடும். அதனால் முதலில் பணத்தைப் பேசிவிட்டு, அப்புறம் நிலத்துக்கு வருகிறேன், அதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அந்த 6,000 ரூபாய்

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2020-ல் உங்கள் மாவட்டத்திலும் கடலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை பக்கமும் நடந்ததை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். நிலமே இல்லாதவர்களையெல்லாம் விவசாயி என்று பதிவு செய்து கிசான் பணம் வாங்க வைத்தார்கள், அதிகாரிகளின் பாஸ்வேர்டு இடைத்தரகர்கள் கைக்குப் போனது. சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடு என்று அரசே சொன்னது. சிபிசிஐடி விசாரித்தது, கைது நடந்தது, ஊழியர்கள் வேலை இழந்தார்கள், ஊர் ஊராகப் போய்ப் பணத்தைத் திரும்ப வசூலித்தார்கள்.

உங்கள் விஷயம் வேறு. உங்கள் கணவர் நிஜமான விவசாயி, பட்டாவில் பெயர் இருந்தவர், தகுதியோடுதான் பணம் பெற்றார். அவர் இறந்த தகவல் அந்தப் பதிவேட்டுக்குப் போய்ச் சேராததால், 2021 ஆகஸ்ட், 2022 ஜனவரி, 2022 மே ஆகிய மூன்று தவணைகளும் தானாக விழுந்திருக்கின்றன. அதன் பிறகு ஆதார் சரிபார்ப்பும் நில ஆவண இணைப்பும் கட்டாயமாகிவிட்டன, அதனால் நின்றுவிட்டது. ஏமாற்றிப் பணம் பெறும் எண்ணம் இருந்தால்தான் அது குற்றமாகும். நீங்கள் எந்தப் பொய்யான விண்ணப்பமும் கொடுக்கவில்லை. ஆனாலும் இறந்தவரின் கார்டில் பணம் எடுத்தது சரியில்லை, இறப்பை வங்கிக்குச் சொல்லியிருக்க வேண்டும். இனிமேல் அந்தக் கார்டைத் தொடாதீர்கள். இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போய்க் கணக்கை முடித்துவிடுங்கள்.

பணத்தை எப்படிக் கட்டுவது என்பதில் கவனம் வேண்டும். கடிதம் அனுப்பிய வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு நேரில் போங்கள். வேளாண்மை உதவி இயக்குநர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்: கணவர் இறந்த தேதி, அதன் பிறகு வந்த தவணைகள், விவரம் தெரியாமல் எடுத்துவிட்டேன், திருப்பிக் கட்டத் தயார், அவருடைய பதிவை இறப்பு என்று குறித்து முடித்துவிடுங்கள். இவ்வளவு போதும். இன்னொரு பிரதியில் சீல் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அரசுக் கணக்குக்குப் போகும்படி அவர்கள் எழுத்தில் கொடுக்கும் வழியில் மட்டும் கட்டுங்கள். அலுவலகத்தில் இருப்பவரே சொன்னாலும் யாருடைய சொந்த ஃபோன் எண்ணுக்கும் அனுப்பாதீர்கள். 6,000 ஒரேயடியாகப் புரட்ட முடியாது என்றால், அதையும் அதே கடிதத்தில் எழுதி அவகாசம் கேளுங்கள். அவகாசம் கேட்பதில் தப்பு இல்லை, கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து.

நெட் சென்டர்காரர் சொல்வதை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். இறந்தவர் ஆதாரில் ஃபோன் எண்ணை மாற்றி, ஓடிபி போட்டு, அவர் உயிரோடு இருப்பதாகக் காட்டிப் பணம் வாங்குவது அப்பட்டமான மோசடி. இதுவரை உங்கள் பக்கம் அறியாமை மட்டும்தான் இருந்தது. அந்த 1,500-ஐக் கொடுத்த நிமிடத்தில் நீங்களும் குற்றவாளி ஆகிவிடுவீர்கள், அவர் பின்னால் நின்று கழன்றுகொள்வார். உங்கள் ஆதார் நகலோ கணவருடையதோ அவரிடம் இருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் பிஎம் கிசான் என்ற பெயரில் வரும் எந்த ஆப்பையும் மகள் ஃபோனில்கூட ஏற்ற வேண்டாம், அதில் வங்கிக் கணக்கையே துடைத்துவிடுகிறார்கள்.

உங்கள் பெயருக்குக் கிசான் பணம் வருமா?

வரலாம். ஆனால் கணவரின் பதிவை "மாற்றி" வாங்க முடியாது. அவருடையது முடிந்து, உங்களுடையது புதிதாகத் தொடங்க வேண்டும்.

இந்தத் திட்டத்தில் 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி நிலம் யார் பெயரில் இருந்தது என்பதுதான் அடிப்படை. அதற்குப் பிறகு வாங்கியவர்களுக்குக் கிடையாது. ஆனால் உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விதிவிலக்கு உண்டு, நீங்கள் அதில்தான் வருகிறீர்கள். தனிப் பட்டா இருந்தால்தான் கொடுப்பார்கள் என்று ஊரில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். திட்ட விதி அப்படிச் சொல்லவில்லை. ஒரே நிலத்தில் பல குடும்பங்களின் பெயர் இருந்தால் தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக 6,000 வரை உண்டு. உங்கள் கணவரும் கொழுந்தனாரும் கூட்டுப் பட்டாவை வைத்துத்தானே இத்தனை வருடம் ஆளுக்கொன்று வாங்கினார்கள்?

மகன் கம்பெனியில் வரி பிடிக்கிறார்கள், அதனால் தனக்குக் கிடைக்காது என்று நீங்களே முடிவு செய்திருக்கிறீர்கள். அதுவும் தவறு. இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள். மகன் தனி ஆள். அவர் வரி கட்டினால் அவருக்குத்தான் கிடைக்காது. (நான் நிலம் வைத்திருந்தாலும் எனக்குக் கிடைக்காது, தொழில் செய்யும் வழக்கறிஞர், மருத்துவர், பொறியாளர்களுக்கெல்லாம் விலக்கு.) நீங்கள் வாங்கும் விதவை உதவித்தொகை 1,200 ரூபாயும் தடை இல்லை, ஓய்வூதியம் என்று அவர்கள் பார்ப்பது மாதம் 10,000 அல்லது அதற்கு மேல். நூறு நாள் வேலைக்குப் போவதும் தடை இல்லை.

ஆனால் வருவாய் ஆவணத்தில் உங்கள் பெயர் ஏறாமல் இதில் ஒன்றும் நகராது. இப்போது விவசாயிகளுக்குக் கொடுக்கும் தனித்துவ அடையாள எண்ணுக்கும் நில ஆவணம்தான் ஆதாரம். 2022-க்குப் பிறகு விட்டுப்போன தவணைகள் நிலுவையாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், பதிவான பிறகு வருவதுதான். பதிவு செய்யும்போது உங்கள் வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பல பேருக்குப் பணம் நிற்பது அந்த ஒரு காரணத்தால்தான்.

கிசான் பணத்தை விடப் பெரிய இழப்பு ஒன்றை நீங்கள் இரண்டே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஃபெஞ்சல் புயலுக்கு அரசு அறிவித்தது, 33 சதவீதத்துக்கு மேல் பாதித்த நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஒன்றரை ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 10,000-க்கு மேல் வரும், அதாவது ஒன்றரை வருடக் கிசான் பணத்தை விட அதிகம், உங்கள் வயலில் மூழ்கிய பயிருக்கு. பயிர்க் கடன், பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவது, எல்லாவற்றுக்கும் சிட்டாவும் (நிலம் யார் பெயரில் என்ற பதிவு) அடங்கலும் (பயிர்ப் பதிவேடு) தான் கேட்கிறார்கள். அடங்கலில் சாகுபடி செய்பவர் யார் என்று எழுத வேண்டியவர் கிராம நிர்வாக அலுவலர். நட்டவுடனே அவரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, நேரில் வந்து பார்க்கச் சொல்லி, உங்கள் பெயரைச் சாகுபடியாளராகப் பதியக் கேளுங்கள். உர ரசீது, டிராக்டர் வாடகை, நடவு ஆள் கூலி எழுதிய நோட்டு, எதையும் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு "இந்த வயலில் இருப்பது நான்தான்" என்று கோர்ட்டில் காட்ட இவைதான் உதவும்.

பட்டா அவர் பெயரில் என்றால் நிலம் அவருடையதா?

இல்லை. பட்டா என்பது நிலவரிக்கான வருவாய்த் துறைப் பதிவு. அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது, பெயர் நீங்குவதால் உரிமை போய்விடவும் செய்யாது. உச்ச நீதிமன்றம் வரை இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். கிசான் பணம் வருவது அதைவிடவும் பலவீனமான ஆதாரம், ஒரு பதிவைப் பார்த்துப் போடும் பணம் அது. உரிமை வருவது மாமனாரின் 1987 கிரயப் பத்திரத்திலிருந்தும் அவருக்குப் பிறகு வாரிசு உரிமைச் சட்டத்திலிருந்தும்தான்.

இங்கே உங்களுக்குக் கசப்பான ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒன்றரை ஏக்கர் முழுவதும் உங்களுடையது என்று கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி அவ்வளவு வராது. மாமனார் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை. அப்படியானால் இந்து வாரிசு உரிமைச் சட்டம் 1956-ன்படி மனைவி, இரண்டு மகன்கள், மகள் என நான்கு பேருக்கும் சம பங்கு, ஆளுக்கு 75 சென்ட். நாத்தனாருக்கு 20 பவுன் போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, பங்கு இல்லை என்கிறீர்கள். நகை போட்டதால் மகளின் பங்கு அழியாது. அவர் விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிப் பதிவு செய்து கொடுத்திருந்தால்தான் போகும். 1989-க்கு முன் கல்யாணமா, பின் கல்யாணமா என்று ஊரில் பேசுவார்களே, அது பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு தர 1989-ல் தமிழ்நாட்டில் வந்த சட்டம். 2005 திருத்தமும் 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்த பிறகு அங்கேகூட அந்தப் பேச்சுக்கு இடமில்லை. தகப்பன் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கு 1956-லிருந்தே சம பங்கு.

சரி, உங்கள் கணவருக்கு 75 சென்ட். அவர் போன பிறகு அது நீங்கள், மகன், மகள், அவருடைய அம்மா என்று நான்காகப் பிரியும், ஆளுக்கு 18.75 சென்ட். நீங்கள் மூன்று பேருமாகச் சேர்த்து 56.25 சென்ட். கொழுந்தனாருக்கு 75, நாத்தனாருக்கு 75. மீதி 93.75 சென்ட் யாருக்கு? உங்கள் மாமியாருக்கு. அந்த 3 ஏக்கரில் அதிகப் பங்கு வைத்திருப்பவர், இத்தனை வருடமாக எந்தப் பட்டாவிலும் பெயர் வராத அந்த அம்மாதான், அவர் உங்கள் வீட்டில் உங்கள் கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி "மாமியாருக்கு ஒன்றும் தெரியாது" என்று ஒரே ஒரு வரி. அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவருடைய பெயரும் ஆவணத்தில் ஏறட்டும், அவரும் ஒரு நில உரிமையாளர்தான். அவராக விரும்பினால் தன் பங்கை யாருக்கு வேண்டுமானாலும் உயிலாகவோ செட்டில்மென்ட்டாகவோ எழுதலாம். வற்புறுத்தி வாங்க வேண்டாம், அது நியாயமும் இல்லை, நிலைக்கவும் நிலைக்காது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன்படி, பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்ததை அவர் ரத்து செய்யவும் கேட்க முடியும்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட 20 ரூபாய்த் தாள்

நிலத்தில் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், 1908 பதிவுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நீங்கள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கே போகவில்லை, கைரேகை வைக்கவில்லை, ஃபோட்டோ எடுக்கவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தாலும் உங்கள் பங்கு அதனால் மட்டும் அவருக்குப் போய்விடாது. ஆனால் முழுக்க நிம்மதி அடைந்துவிடாதீர்கள். "ஏற்கெனவே வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டதை நினைவுக்காக எழுதி வைத்தோம்" என்ற வாசகம் அதில் இருந்தால், அதற்குப் பதிவு தேவையில்லை என்று அவர் தரப்பு வாதிடும். அந்த வாதம் சில வழக்குகளில் ஜெயித்தும் இருக்கிறது. அதனால் அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று நாம் பார்த்தாக வேண்டும்.

பார்க்க வழி இருக்கிறது. 2023-ல் பட்டா மாற்றினார் இல்லையா, எதைக் காட்டி மாற்றினார்? தாசில்தார் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள்: இந்தச் சர்வே எண்ணின் பட்டா மாறுதல் கோப்பு முழுவதும், கொடுத்த ஆவணங்கள், எங்களுக்கு அனுப்பிய நோட்டீஸ், அதன் ஒப்புதல், உத்தரவு நகல். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. கணவரின் பெயர் பதிவில் இருந்தது, அதை நீக்குவதற்கு முன் உங்களுக்குச் சொல்லி, விளக்கம் தர வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். நோட்டீஸே வரவில்லை என்றால் அதுதான் உங்கள் பலமான வாதம். அந்த உத்தரவை எதிர்த்து வருவாய்க் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்டிஓவிடம், மேல்முறையீடு செய்யுங்கள். அடுத்த நிலை மாவட்ட வருவாய் அலுவலர். 2023 உத்தரவு என்பதால் தாமதமாகிவிட்டது, எப்போது தெரியவந்தது, ஏன் தாமதம் என்பதை மனுவிலேயே எழுதுங்கள்.

அப்புறம், இதைத் தனியாகச் சொல்கிறேன், தவற விடாதீர்கள். 2021-ல் நீங்கள் கையெழுத்துப் போட்டபோது உங்கள் மகளுக்கு வயது 15. மைனர் பிள்ளையின் நிலப் பங்கைக் கோர்ட் அனுமதி இல்லாமல் எழுதிக் கொடுக்கத் தாய்க்கே அதிகாரம் கிடையாது, 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்தத் தாளில் மகளின் பங்கையும் சேர்த்து எழுதியிருந்தால் அவள் அதை எதிர்த்து ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் அதற்குக் கெடு, 18 முடிந்து மூன்று வருடம், அதாவது அவளுக்கு 21 முடிவதற்குள். இப்போது 19. மகனுக்கு அப்போதே 18 தாண்டியிருந்தது, அவர் கையெழுத்துப் போடவில்லை என்றால் அவர் பங்கை உங்களால் விட்டுக்கொடுத்திருக்கவே முடியாது.

கொழுந்தனார் வயலில் இறங்கவிடாமல் தடுத்தால்

அவரும் கூட்டு உரிமையாளர், நீங்களும் கூட்டு உரிமையாளர். ஒருவரை ஒருவர் பலவந்தமாக வெளியேற்ற முடியாது. தடுத்தால் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். "சிவில் விஷயம், கோர்ட்டுக்குப் போங்க" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள், பரவாயில்லை, ரசீது இருந்தால் போதும். அதை வைத்து உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கும் இடைக்காலத் தடையும் கேட்கலாம். சித்திரை வரை காத்திருக்காமல் இந்த வாரமே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், பதிவுத் துறை இணையத்திலேயே கிடைக்கும். தனிப் பட்டா கையில் இருப்பதால் அவர் அடமானம் வைத்தோ யாருக்காவது எழுதியோ இருக்கக்கூடும். மூலப் பத்திரம் மாமியாரின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நகல் எடுத்து மகனிடம் கொடுத்து வையுங்கள்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்ற கவலை வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவசச் சட்ட உதவிக்கு உரிமை உண்டு. உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே மனுக் கொடுத்தால் கொழுந்தனாரை அழைத்துப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசம் எழுதினால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. உங்கள் விஷயத்தில் நான் முதலில் இதைத்தான் முயற்சி செய்வேன். பாகப்பிரிவினை வழக்கு பத்து வருடம் இழுக்கும், நாத்தனாரையும் மாமியாரையும் கட்டாயம் சேர்க்க வேண்டும், எல்லாரும் ஒரே வாய்க்கால் தண்ணீரில் பயிர் செய்பவர்கள்.

அந்தப் பேச்சில் 60,000 ரூபாயை நீங்களே முதலில் எடுங்கள். 2021-ல் கொடுத்த கைமாற்றுக் கடனை இன்று வழக்குப் போட்டு வசூலிக்கக் கெடு முடிந்திருக்கும், ஆனால் உங்கள் கணவரின் உயிரைக் காப்பாற்றக் கொடுத்த பணம் அது. அந்த இரவில் அவர் ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்ததை நீங்களே நன்றியோடு எழுதியிருக்கிறீர்கள். தவணையாகவாவது தருகிறேன் என்று சொல்லுங்கள், புயல் நிவாரணத் தொகையை அதில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிலத்தையும் கடனையும் அவர் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறார், அந்த முடிச்சு அவிழ்ந்தால்தான் மற்றதைப் பேச முடியும்.

கொழுந்தனாரும் 2020-ல் நிலம் வாங்கிய அவர் மனைவியும் இருவருமே கிசான் பணம் வாங்குகிறார்கள், புகார் செய்யட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணவன் மனைவி இருவரும் வாங்குவது விதிக்கு மாறு, 2019 பிப்ரவரிக்குப் பின் வாங்கிய நிலத்துக்கும் கிடையாது. இந்த இரண்டு வகையிலும் சந்தேகத்துக்குரிய பதிவுகளை மத்திய வேளாண் துறையே பிரித்தெடுத்து, நேரில் சரிபார்க்கும் வரை பணத்தை நிறுத்தி வைத்து வருகிறது. புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் உங்கள் பிள்ளைகளின் பங்கைப் பேசி முடிக்கும் வரை அதை எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அது தானாகவே வெளியே வரும், நீங்கள் செய்ததாக இருந்தால் சமரசம் அன்றோடு முறியும்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனு நாளுக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், போங்கள், ஆனால் அங்கே கொடுக்கும் மனுவும் கடைசியில் அதே தாசில்தாருக்குத்தான் வரும். அதனால் அதற்கு முன்னால் தாலுகா அலுவலகத்தில் இரண்டு வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், ஒன்று மாமனாருக்கு, ஒன்று கணவருக்கு. இரண்டுக்கும் இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, எல்லா வாரிசுகளின் ஆதார் நகலும் வேண்டும். நாத்தனாருக்கு ஃபோன் செய்து, "உங்க பேரையும் சேர்த்துத்தான் எழுதுறேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஆதார் நகலைக் கேளுங்கள். போகும்போது மாமியாரையும் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள்.